பாதுகாப்பு வாரத்தில் பேசியவள்

கேன்டீன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அதுவரை அந்த அட்டைப்பெட்டி ஆலையில் அவள் வாய் திறந்து அதிகம் சொன்னது "சர்க்கரை போடவா, வேண்டாமா?" என்பதுதான். எல்லோருக்கும் அவள் டீ அக்கா. தன்னைவிட வயதில் மூத்தவர்கள் அக்கா என்று கூப்பிட்டால் முதலில் சிரிப்பு வரும். பிறகு பழகிவிட்டது.

ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். சின்ன வயது. ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியில் பட்டை பதிந்த கோடு இருக்கும். அதைத் தடவிக்கொண்டே பேசுவார். மதிய டீ முடிந்து கூட்டம் கலைந்ததும் ஒருநாள் கேன்டீன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அடுத்த மாசம் பாதுகாப்பு வாரம். கடைசி நாள் கூட்டத்துல நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசணும்."

"நானா? ஏன் சார், வேற ஆளே கிடைக்கலையா? மைக்கைக் கையால தொட்டதுகூட இல்லை."

"நான் பேசினா பாதிப் பேர் கொட்டாவி விடறாங்க, மீதிப் பேர் போனை நோண்டறாங்க. நீங்க பேசினா கேப்பாங்க."

ஏன் கேட்பார்கள் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

அவள் கணவர் அதே ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள், ஒழுகுகிற கூரைத் தகடு ஒன்றை மாற்ற மேலே ஏறினார். வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் தகடு காலடியில் உடைந்தது. கீழே அட்டை வெட்டும் பிரிவின் சிமென்ட் தரை. இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. ஆலை நடத்திய விசாரணையின் முடிவு ஒரே வரிதான்: பெல்ட்டை மாட்டவில்லை.

அது பொய்யில்லை. மாட்டவில்லைதான். ஆனால் மாட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கூரையின் முகட்டோடு ஓர் இரும்புக் கயிறு ஓடவேண்டும். பெல்ட்டின் கொக்கியை அதில் போட்டுக்கொண்டுதான் நடக்கவேண்டும். கிடங்கைப் பெரிதாக்கும்போது அந்தக் கயிற்றைக் கழற்றினார்கள். மறுபடி கட்டவில்லை. கூரைமேல் ஒருமுறையாவது ஏறிய எல்லோருக்கும் இது தெரியும். யாரும் மறைக்கவில்லை. யாரும் பேசவுமில்லை.

கணவர் போன பிறகு, கேன்டீனில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுக்க ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றவர் ஃபோர்மேன். கணவரின் சிநேகிதர், மேலதிகாரி. அன்றைக்குக் கூரைக்கு அனுப்பியவரும் அவர்தான்.

வீட்டுக்குப் போய் மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளில் ஒன்றில்தான் வீட்டுச் சீப்புகள் இருந்தன.

"நீ மேடையில பேசப்போறியா? அய்யோ அம்மா, பத்து நிமிஷத்துல உன்னால முடிக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்குத் தயிர் கொடுக்கப் போனாலே அரை மணி நேரம் ஆகுது."

"போடி. எனக்கே நடுங்குது."

"சரி சரி. என்ன தலைப்பு?"

"பாதுகாப்புன்னாரு."

"அது தலைப்பில்லைம்மா. அது ஒரு கடல்."

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். எங்கோ பயிற்சி வகுப்பில் படித்ததை ஆசையாக ஒப்பித்தார். "தலைப்பு வேற, நோக்கம் வேற அக்கா. எதைப் பத்திப் பேசறோமோ அது தலைப்பு. கேட்டுட்டு எழுந்து போறாங்கல்ல, போய் என்ன செய்யணும்? அதுதான் நோக்கம். அதை முதல்ல முடிவு பண்ணிட்டா மீதியெல்லாம் தானா வரும்."

"எங்க வீட்டுக்காரரைப் பத்தித்தானே பேசணும்? அவர்தானே தலைப்பு?"

அதிகாரி நெற்றிக் கோட்டைத் தடவினார். "அவரு பெரிய தலைப்பு அக்கா. பத்து நிமிஷத்துல அடங்க மாட்டாரு. அவர்கிட்டேருந்து சின்னதா ஒண்ணை எடுத்துக்குங்க."

அந்த வாரம் முழுக்க அவள் அந்தச் சின்ன ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் கணவரைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தாள். அவருக்குக் குடை பிடிக்காது. கொட்டுகிற மழையிலும் தலையில் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பார். பாட்டு சுத்தமாக வராது, ஆனால் சவரம் செய்யும்போது பாடாமல் இருக்கமாட்டார். சண்டை போட்டால் பேசமாட்டார். கதவுக் கீல், குழாய், மிக்ஸி என்று எதையாவது கழற்றிச் சரிசெய்து வைப்பார். அதுதான் அவருடைய மன்னிப்பு. ஒவ்வொன்றும் அவளுக்குப் பத்து நிமிடமல்ல, பத்து நாள் பேசக் காணும். ஆனால் குடை பிடிக்காது என்று கேட்டவன் எழுந்து போய் என்ன செய்வான்? நோக்கம் என்ற அந்த இரண்டாவது கேள்வி வந்ததும் ஒவ்வொன்றாகக் கையிலிருந்து நழுவியது. அவரிடம் அவள் நேசித்த எதற்கும் பாதுகாப்பு வாரத்தில் வேலை இல்லை.

மகள்தான் பொறுமை இழந்தாள். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? கயிறு. அதுதான் தலைப்பு. கயித்தைக் கட்டுங்க. அதுதான் நோக்கம். மேனேஜர் முன்வரிசையில உட்கார்ந்திருப்பாரு இல்ல? அவரைப் பார்த்தே சொல்லு."

கேட்டதும் அவளுக்குப் படபடப்பாக வந்தது. பிறகு ஒருவித நிம்மதி வந்தது. ஆமாம், வேறென்ன இருக்கிறது? அன்று சாயங்காலம் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்று, மகளை மேனேஜராக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் பெல்ட் போட்டிருந்தாரு. மாட்டறதுக்குத்தான் கயிறு இல்லை." அவ்வளவு சொல்ல மூன்று தடவை ஆரம்பிக்கவேண்டியிருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். மகள் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

எப்படித் தெரிந்ததோ, அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மேன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த காபியைக் குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேசப் போறியாமே."

"ஆமாண்ணே."

"கயித்தைப் பத்தியா?"

அவள் காபித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணு சொல்லலைம்மா. அன்னிக்கு அவன் என்கிட்ட கேட்டான். 'கயிறு இல்லாம எப்படி ஏறறது?'ன்னு கேட்டான். நான்தான், பத்து நிமிஷ வேலைடா, மேகம் கட்டிக்கிட்டு வருது, ஏறி இறங்கிடுன்னேன். என்னை யாரும் விசாரிக்கலை. எனக்குத் தெரிஞ்சதை நானும் சொல்லலை." டம்ளரைக் கீழே வைத்தார். "நீ கயித்தைச் சொன்னா, அடுத்த கேள்வி யார் ஏத்தினாங்கன்னுதான் வரும். கயித்தைக் கழட்டச் சொன்னவங்களை யாரும் தொட மாட்டாங்க. நான்தான் போவேன். போகவேண்டியவன்தான். நீ சொல்லாதேன்னு நான் சொல்ல வரலை."

சொல்ல வரவில்லை என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனைவி படுக்கையில் இருக்கிறாள், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் என்பதெல்லாம் அவர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அவர் போன பிறகு ஆறிய காபியைக் கொட்டினாள். கணவர் கேட்டிருக்கிறார். கயிறு எங்கே என்று கேட்டிருக்கிறார். அவருடைய தப்பே இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதைச் சொல்ல முடியாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார் ஃபோர்மேன்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டாள். "சார், பெல்ட்டை மாட்டுங்கன்னு நான் சொன்னா மாட்டுவாங்களா?"

"ஒருத்தன் மாட்டினாக்கூட ஒரு உயிர் அக்கா."

"அப்ப அதையே சொல்றேன்."

அவளுடைய தலைப்பு பெல்ட் ஆயிற்று. நோக்கம், எல்லோரும் அதை மாட்டிக்கொள்வது. இதுவும் நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரையும் காட்டிக்கொடுக்காமல் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியுமென்றால் அதில் என்ன குறை?

கூட்டத்தன்று கிடங்கில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மேனேஜரும் அலுவலகத்துக்காரர்களும். மகளுக்கும் ஓர் இடம். மைக்கின் கழுத்து அவள் உயரத்துக்கு வளையாமல் முரண்டு பிடித்ததில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அது அவளுக்குத் தைரியம் தந்தது.

"எங்க வீட்டுக்காரரு மழையில குடை பிடிக்க மாட்டாரு," என்று ஆரம்பித்தாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள். பாலிதீன் பையைச் சொன்னாள், சவரப் பாட்டைச் சொன்னாள். மிக்ஸியைக் கழற்றுவதைச் சொன்னபோது சிரித்தவர்கள், அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதைச் சொன்னபோது அடங்கிப்போனார்கள். பிறகு சொன்னாள்: "அவரு பெல்ட் போட்டிருந்தாரு. மாட்டலை. ஒரு கொக்கி. ஒரு நிமிஷ வேலை. மாட்டலை. உங்க வீட்லயும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு யாரோ காத்திருக்காங்க. மாட்டிக்குங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எங்க ஏறினாலும் மாட்டிக்குங்க."

கிடங்கே அழுதது. பாய்லர் பக்கம் பூச்சு வேலை பார்க்கும் பெயின்டர், பெரிய மீசைக்காரர், எழுந்து நின்று அழுதார். கடைசி வரிசையில் ஃபோர்மேன் தலையைக் குனிந்தபடி இருந்தார். மேனேஜர் மேடைக்கு வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து, "நூறு போஸ்டர் ஒட்டினாலும் இது வராதும்மா," என்றார். யாரோ கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் பேருந்தில் மகள் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். கதவைத் திறந்ததும்தான் கேட்டாள்.

"அப்பாதான் தப்புன்னு நீயே சொல்லிட்டே இல்ல?"

"அப்படி எங்கடி சொன்னேன்?"

"மாட்டலைன்னு சொன்னே. அத்தனை பேர் முன்னால, அவரோட பொண்டாட்டி வாயால. இனிமே அவங்க எதுக்கு வாயைத் திறக்கணும்?"

ஃபோர்மேன் வந்து அழுததை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மகள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அன்றைக்கு விழுந்த விரிசல் பெரிய சத்தமில்லாமல் அப்படியே இருந்துவிட்டது. மகள் படித்தாள், வேறு ஊரில் வேலைக்குப் போனாள், போனில் நலம் விசாரித்தாள். பேச்சைப் பற்றி மட்டும் அப்புறம் கேட்டதே இல்லை.

அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருடமும். பிறகு அதே முதலாளியின் மற்ற ஆலைகளிலிருந்து வண்டி வந்தது. டீ அக்கா என்ற பெயர் போய் ஸ்பீச் அக்கா ஆனாள். ஒவ்வொரு வருடமும் பேச்சுக்கு முந்தைய வாரம், இந்தத் தடவை கயிற்றைச் சொல்லிவிடலாமா என்று யோசிப்பாள். ஃபோர்மேன் ஓய்வுபெறட்டும் என்று ஒரு வருடம். அவர் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போன பிறகு, இப்போது போய்ச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று ஒரு வருடம். காரணத்துக்கா பஞ்சம்?

பேச்சு மெருகேறியது. எந்த வார்த்தைக்குப் பிறகு நிறுத்தினால் முதல் விசும்பல் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை அப்படி நிறுத்திய இடைவெளியில், ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். பயந்துபோனாள். வீட்டுக்கு வந்து, படுத்துக்கொண்டு, கணவரை நினைத்துப் பார்த்தாள். குடை வந்தது, பாலிதீன் பை வந்தது, சவரப் பாட்டு வந்தது, அதே வரிசையில், மேடையில் சொல்கிற அதே வார்த்தைகளில். பேச்சில் இல்லாத ஒரு நினைவாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினாள். கிடைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பெயின்டர் விழுந்தது ஒரு சாதாரண வேலை நாளில். பாய்லர் வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவே உயரத்தில் நீராவிக் குழாய்கள் போகும் பாலத்துக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். கேன்டீனுக்குக் கூச்சல் கேட்டது. அவள் ஓடிப் போகவில்லை. அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

சாயங்காலம் பெயின்டருடன் வேலை பார்த்தவர் கேன்டீனுக்கு வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சாம்பல் நிறப் பெயின்ட். அவள் டீ வைத்தாள். அவர் தொடவில்லை.

"பெல்ட் போட்டிருந்தாரா?" என்று கேட்டாள்.

"போட்டிருந்தாரு அக்கா."

"மாட்டலையா?"

"மாட்டியிருந்தாரு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மேல கயிறு ஏது? நாங்கல்லாம் எப்பவும் போல சும்மாதான் நிப்போம். அவரு மட்டும் உங்க பேச்சைக் கேட்டதிலேருந்து எங்க ஏறினாலும் மாட்டியே தீருவாரு. 'அக்கா காலைப் பிடிச்சுக் கேட்டாங்கடா'ன்னு சொல்லுவாரு. அங்க ஒரு பழைய குழாயைத் தாங்கற கம்பி நீட்டிக்கிட்டிருந்தது. அதுல மாட்டிட்டு, பெல்ட்டை நம்பி முழு உடம்பையும் வெளியே சாய்ச்சு அடிச்சாரு. கம்பி துரு. அப்படியே கையோட வந்துடுச்சு. நான் எதையும் மாட்டலை, அதனால பயந்து பயந்து உள்பக்கமா ஒட்டி நின்னேன். நான் இருக்கேன்."

அவர் போன பிறகும் அவள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்டவர் எழுந்து போய் என்ன செய்யவேண்டும் என்று அவள் முடிவு செய்தாளோ, அதை ஒரு மனிதர் வார்த்தை பிசகாமல் செய்திருக்கிறார்.

ஆலை நிர்வாகம் பாதுகாப்பு அதிகாரியை வேலையிலிருந்து எடுத்தது. கயிறு கேட்டு ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் வாதாடியது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்டவரையே பொறுப்பாளி ஆக்கிவிட்டார்கள். பொருட்களை அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு கேன்டீன் வழியாகப் போனார்.

"சார், கயிறு கேட்டீங்கன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"உங்ககிட்ட சொல்லி என்ன அக்கா செய்யறது? நீங்களாவது பேசினா மாட்டறாங்களேன்னு..." முடிக்காமல் நின்றார். பிறகு போய்விட்டார்.

அவள் பெயின்டரின் வீட்டுக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு வீடு. ஆலையில் பூசிய நிறங்களெல்லாம் அந்தச் சுவரில் இருந்தன. மீந்த பெயின்டை எல்லாம் கொண்டுவந்து அடித்திருக்கிறார். அவர் மனைவி அவளைவிடப் பெரியவர். பிள்ளைகள் வளர்ந்து வெளியே இருக்கிறார்கள். அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"நீதானே பேசினவ? உன்னைப் பத்திச் சொல்லாத நாளில்லை. அன்னிக்கு வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதாரு. அப்புறம் புதுப் பெல்ட் வேணும்னு சண்டை போட்டு வாங்கினாரு. உனக்கு நான் கும்பிடு போடணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்மா." கொஞ்ச நேரம் கழித்து, நிஜமாகவே புரியாதவராகக் கேட்டார். "மாட்டியிருந்தும் எப்படிம்மா விழுந்தாரு?"

அவள் சொன்னாள். குழாய்க் கம்பியைச் சொன்னாள், இல்லாத கயிற்றைச் சொன்னாள். தன் கணவருக்கும் அதே கயிறுதான் இல்லை என்பதையும் சொன்னாள்.

அந்த அம்மாள் கத்தவில்லை. பிடித்திருந்த கையை மட்டும் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுதான் மாட்டு மாட்டுன்னு பேசினியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுந்து போம்மா," என்றார் அந்த அம்மாள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். "எனக்கு இன்னிக்கு உன்னைப் பார்க்க முடியலை."

அந்த வருடப் பாதுகாப்பு வாரத்துக்கு முன்னால் அவள் ஃபோர்மேனுக்குப் போன் செய்தாள். அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. இரண்டு மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. "அண்ணே, கயித்தைச் சொல்லப் போறேன்." மறுமுனையில் அவர் ஒரு கதவைச் சாத்திக்கொள்வது கேட்டது. "என் பேரைச் சொல்லியே சொல்லும்மா. இனிமே என்னை என்ன செய்வாங்க?" என்றார். பிறகு, "அப்பவே சொல்லியிருக்கணும் நீ. நான் அழுதா என்ன?" என்றார். அது அவளை எதையும்விட அதிகமாக நொறுக்கியது.

மேடையில் ஏறியபோது, தலைப்பைப் பற்றியோ நோக்கத்தைப் பற்றியோ அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதிலும் இல்லை. தொழிலாளர்களைப் பார்க்கவே இல்லை. முன்வரிசையை மட்டும் பார்த்தாள். குடையைச் சொல்லவில்லை, பாட்டைச் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரரு பெல்ட் போட்டிருந்தாரு. மாட்ட கயிறு இல்லை. கேட்டாரு, இல்லைன்னு சொல்லி ஏத்தினாங்க. பெயின்டரும் போட்டிருந்தாரு. கயிறு இல்லைன்னு துருப்பிடிச்ச கம்பியில மாட்டினாரு. நான் இத்தனை வருஷமா மாட்டுங்க மாட்டுங்கன்னு சொன்னேன். எதுல மாட்டறதுன்னு சொல்லலை. இன்னிக்கு ஒண்ணுதான் கேக்கறேன். கயித்தைக் கட்டுங்க. கட்டற வரைக்கும் யாரையும் ஏத்தாதீங்க." மேனேஜரைப் பார்த்து, "எப்ப சார் கட்டுவீங்க?" என்றாள்.

பதிலுக்காக நின்றாள். மைக் லேசாக இரைந்தது. பின்வரிசைகளில் யாரும் அதிரவில்லை. அவர்களுக்குத் தெரியாத எதையும் அவள் சொல்லவில்லையே. நேரம் நீண்டதும் மேனேஜர் கைதட்டினார். முன்வரிசை தட்டியது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். வழக்கமாகத் தட்டுகிற அதே கைதட்டல். அவள் கேள்வி அதற்குள்ளே போய் மறைந்தது. நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கை வாங்கி, "உணர்ச்சிகரமான உரை, நன்றி," என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைப் படித்தார்.

மேனேஜர் பிறகு கேன்டீனுக்கே வந்து தனியாகப் பேசினார். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் மனசு அவருக்குப் புரிகிறதாம். கயிறு பரிசீலனையில் இருக்கிறதாம். வேலையை விட்டு எடுப்பார்கள் என்று எதிர்பார்த்துத் தன் சாமான்களைக்கூட ஒதுக்கி வைத்திருந்தாள். எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூடத் தான் சொன்னது எங்கேயோ போய்ப் பட்டது என்று நினைத்திருப்பாள்.

மகளுக்குப் போன் செய்து சொன்னாள். "சொல்லிட்டேன்டி. கயித்தைச் சொல்லிட்டேன்."

"கட்டினாங்களா?"

"இல்லை."

"சரிம்மா. சாப்பிட்டியா?" என்றாள் மகள். அந்தக் குரலில் பழைய கோபம் இல்லை. வேறெதுவும் இல்லை.

அடுத்த வருடம் புதிய பாதுகாப்பு அதிகாரி வந்தாள். சுறுசுறுப்பான பெண். ஸ்பீச் அக்காவைத் தேடிக்கொண்டு கேன்டீனுக்கு வந்து மரியாதையாகக் கும்பிட்டாள்.

"உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் அக்கா. இந்தத் தடவை உங்களை அலைய வைக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உங்க முதல் பேச்சோட வீடியோ இருக்கு. ரொம்ப நல்லா வந்திருக்கு. அதையே போட்டுக்கறோம்."

"அதைப் போடாதீங்கம்மா. அது தப்பு."

"ஏன் அக்கா? அழாதவங்களே இல்லை."

"கயிறு இல்லாத இடத்துல மாட்டுன்னு சொல்றது தப்பும்மா."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மேலே சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னாள். சொல்லியும் இருக்கலாம்.

வாரத்தின் கடைசி நாள். கிடங்கின் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். கேன்டீன் ஜன்னல் வழியே அவள் குரல் அவளுக்கே கேட்டது. இப்போது இருப்பதைவிட இளமையான, நடுங்குகிற குரல். குடை வந்தது, சிரிப்பு வந்தது, மிக்ஸி வந்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். கீல் இறுகிப்போயிருந்ததால் முழுக்கச் சாத்த முடியவில்லை. கப்புகளை அடுக்கினாள். அந்தக் குரல் காலைப் பிடித்துக் கெஞ்சுகிற இடத்துக்கு வந்தபோது தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

கூட்டம் முடிந்து ஆட்கள் டீக்கு வந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கூரை வேலைக்குப் புதிதாக ஒப்பந்தத்தில் வந்திருந்த ஒருவர், நரைத்த தலை, கப்பை வாங்கிக்கொண்டு அவளையே உற்றுப் பார்த்தார்.

"அக்கா, உள்ள பேசினது நீங்கதானே?"

"ஆமா."

"மனசை என்னவோ பண்ணிடுச்சு. கண்டிப்பா மாட்டிக்கறேன் அக்கா."

அவள் மேஜைக்கு மேலாகக் குனிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ தளும்பியது. "மேல கயிறு கட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க. கட்டலைன்னா ஏறாதீங்க. யார் சொன்னாலும் ஏறாதீங்க."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அவளுக்காகத்தான் பரிதாபப்பட்டார் போலிருக்கிறது.

"நான் ஏறலைன்னா வேற ஆளை ஏத்துவாங்க அக்கா," என்றார். "நாளைக்கு என்னை வரச் சொல்ல மாட்டாங்க."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, சிந்திய டீயைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வரிசையில் அடுத்தவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் கப்பை எடுத்தாள்.

"சர்க்கரை போடவா?" என்று கேட்டாள்.